எதிரொலி இல்லாத அறை

ஏலக்காய் வியாபாரி ஒருவருக்குக் காய் பார்த்து வாங்கிக் கொடுப்பது ராஜாராமின் தொழில். காலையில் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறுவார். எஸ்டேட் எஸ்டேட்டாக இறங்கி, உலர்த்திக் குவித்த காயை அள்ளிப் பார்த்து, ஒன்றைப் பிதுக்கி விதையின் கறுப்பைக் கவனித்து, விலை பேசி முடித்ததும் அடுத்த எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடுவார். கொடுத்த காப்பியைப் பாதி குடித்த நிலையில் ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போவார். அப்படி வைத்த டம்ளர்களைப் பற்றி மலையில் பல வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். ஊருக்குள்ளும் அதே நடைதான். கடைவீதியில் அவரோடு பேச வேண்டுமானால் கூடவே நடக்க வேண்டும்.

அவர் மனைவி ஈஸ்வரி அதற்கு நேர் எதிர். கூடத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து காய்கறி நறுக்கியபடி, வீட்டைச் சுற்றிவரும் மனிதருக்குப் பதிலுக்குப் பதில் கொடுப்பார். அடுத்த வீட்டில் குடியிருக்கிற எனக்கு அந்தப் பேச்சு சுவர் வழியாகக் கேட்கும்.

"ஏத்தா, சாம்பார்ல பருப்பு கெடக்கா, இல்ல அதுவும் ஊருக்குப் போயிருச்சா?"

"பருப்பு இருக்கு. தட்டுக்கு முன்னாடி ஆளத்தேன் காணோம்."

அவர்களுக்குச் சொத்து, சுகம், பொழுதுபோக்கு எல்லாம் இந்தப் பேச்சுதான் என்று நான் நினைத்ததுண்டு. மகள் அனுசியா திருமணமாகிச் சிலமலைக்குப் போன பிறகு வீட்டில் இருவர் மட்டும்.

பிறகு ஈஸ்வரிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று; போகும்போது இடது காதை முழுதாகவும் வலது காதைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு போயிற்று. மதுரையில் காது டாக்டர் பார்த்துவிட்டு, சத்தம் கேட்காதது மட்டும் குறை அல்ல, எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று கலங்கிக் கேட்பதுதான் பெரிய தொந்தரவு என்று விளக்கினார். கருவி ஒன்றும் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, மின்விசிறியும் பாத்திரமும் தெருவில் போன பஸ்சின் ஹாரனும் ஒரே நேரத்தில் தலைக்குள் புகுந்ததாக ஈஸ்வரி சொன்னார். கருவி டப்பாவுக்குள் போயிற்று.

இந்த இடத்தில்தான் ராஜாராமின் நிலைமை மோசமானது. சாப்பிட வா, மாத்திரை போட்டாயா என்பதையெல்லாம் கத்திச் சொல்லிவிடலாம். கேலியைக் கத்திச் சொல்ல முடியாது. கத்திச் சொன்ன கேலி வசவாகத்தான் போய்ச் சேரும். ஒருமுறை, "இந்தத் தோசையை வச்சு ஜீப்புக்குப் பஞ்சர் ஒட்டலாம்" என்று அவர் கத்தியதற்கு, எதிர்வீட்டிலிருந்து ஆள் வந்து, "என்னண்ணே, வீட்டுல எதும் பிரச்சனையா?" என்று கேட்டார். ஈஸ்வரி முகம் சுருங்கி உள்ளே போய்விட்டார். அதன்பின் ராஜாராம் கேலி செய்வதை நிறுத்தினார். ஈஸ்வரி பதில் சொல்வதை நிறுத்தினார். டிவியில் சத்தத்தை ஏற்றி வைத்தும் வசனம் பிடிபடாமல், ஈஸ்வரி அதையும் விட்டுவிட்டார். சுவரின் இந்தப் பக்கம் எனக்கு ராஜாராமின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். கூடத்திலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து வாசலுக்கு.

போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்காரர் புது வீடு கட்டிக் குடிபோனார். இருவரும் போயிருந்தார்கள். அந்த வீட்டில் ஹோம் தியேட்டர் என்று ஓர் அறை. சுவரெல்லாம் மெத்தை தைத்தது போல் துணித் தட்டிகள், காலடியில் கம்பளம், கனத்த கதவு. பெண்களை உள்ளே உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். ராஜாராம் வழக்கம்போல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தவர், எட்டிப் பார்த்த நேரத்தில் ஒன்றைக் கண்டார். படத்தை நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்காரம்மா ஈஸ்வரியின் வலப்பக்கம் இருந்து, சாதாரணக் குரலில், காப்பியா டீயா என்று கேட்டார். ஈஸ்வரி, "சுக்குக்காப்பி இருந்தாக் குடுங்க" என்றார். யாரும் இரண்டாம் தடவை சொல்லவில்லை, யாரும் கத்தவில்லை.

மலை இறங்கும் வழியில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ராஜாராம் மனைவியின் முகத்தைப் பார்த்தபடி வந்தார். மறுநாள் கடை திறக்குமுன் தங்கபாண்டியின் கடை வாசலில் நின்றார்.

தங்கபாண்டி போடியில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருப்பவர். கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுவார். இப்போது வீடுகளில் ஹோம் தியேட்டரும் அமைத்துக் கொடுக்கிறார். ராஜாராமின் மாடியில் முன்பு ஏலக்காய் மூட்டை அடுக்கிய அறை ஒன்று சும்மா கிடந்தது. தங்கபாண்டி அங்கே போய் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். 'டப்' என்ற சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி நீண்டது.

"கேட்டீகளாண்ணே? வெறும் சிமெண்டுச் சுவரு, தரையெல்லாம் டைல்சு. இங்க எத்தன பெரிய ஸ்பீக்கர வச்சாலும் வசனம் கொழகொழன்னுதேன் வரும். மொதல்ல இந்த ஓட்டத்த அடக்கணும்."

"அடக்கு. வசனந்தேன் எனக்கு முக்கியம். பாட்டு, வெடிச் சத்தமெல்லாம் ஒண்ணும் வேணாம்."

"அப்ப நடு ஸ்பீக்கர நல்லதாப் போடுவோம். பேச்சு பூராம் அதுலதேன் வரும்."

ஈஸ்வரிக்கு விஷயம் தெரிந்தபோது கேட்டார்: "கொட்டாய்க்குப் போனா இடைவேளைக்கு முன்னாடியே முறுக்கு வாங்க எந்திரிச்சுப் போற ஆளு. ஒங்களுக்கு எதுக்குங்க வீட்டுக்குள்ள ஒரு தேட்டரு? அந்த எஸ்டேட்டுக்காரு கட்டுனாருன்னு நீங்களும் கட்டணுமா?"

ராஜாராம் காரணம் சொல்லவில்லை. காதுக்காக என்று சொன்னால் வேண்டவே வேண்டாம் என்று மறித்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். "ஆமா, ஆசை" என்று கத்தினார்.

வேலை தொடங்கியதும் அவர் கால் மாடிப்படியிலேயே கிடந்தது. மலைக்குப் போனாலும் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். பெயிண்டரை அவர் படுத்திய பாடு தனிக்கதை. அறை முழுக்கக் கறுப்போ அடர்ந்த சாம்பலோ அடித்தால்தான் திரையில் படம் எடுப்பாகத் தெரியும் என்றார் தங்கபாண்டி. ராஜாராமுக்கு விதையைத் தவிர வேறு எது கறுத்திருந்தாலும் காய் கெட்டுப்போன நினைப்பு. நல்ல முதல்தரக் காயின் பச்சைதான் வேண்டும் என்று சட்டைப் பையிலிருந்து ஒரு காயை எடுத்துப் பெயிண்டர் கையில் கொடுத்து, அதே நிறம் வரும்வரை கலக்கச் சொன்னார். நிறம் அப்படியே வந்தது. திரையைக் கட்டி ஒரு படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். திரையின் வெளிச்சம் பக்கத்துச் சுவர்களில் பட்டுத் திரும்பியதில் கதாநாயகியின் கன்னம் பச்சையாகத் தெரிந்தது.

"என்னண்ணே, இந்தப் புள்ளைக்குப் பித்தம் ஏறிப்போச்சு!" என்றார் தங்கபாண்டி.

திரை இருக்கும் சுவரும் அதையொட்டிய பாதிச் சுவர்களும் கறுப்பாயின. பின்பாதிக்கு மட்டும் பச்சை, அதுவும் பளபளப்பு இல்லாமல் இருட்டிய பச்சை. உண்மையில் பார்க்க நன்றாகவே இருந்தது. விளக்குகளைக் கூரையின் விளிம்பில் மறைத்து வைத்தார்கள். சாய்வு நாற்காலிகள் வேண்டாம் என்று, மரத்தில் ஒரு தாழ்ந்த மேடை போட்டு, நம் ஊர் இலவம்பஞ்சில் தடித்த மெத்தைகள் தைத்துப் போட்டார்கள்.

சுவரில் அடிக்கும் தட்டிகளில்தான் தவறு நடந்தது. மரச்சட்டத்துக்குள் ராக்வூல் என்கிற பாறை இழைப் பஞ்சு வைத்துத் துணி சுற்ற வேண்டும். மதுரையிலிருந்து வரவேண்டிய அந்தப் பஞ்சு தாமதமாகிக்கொண்டே போயிற்று. காத்திருப்பது ராஜாராமுக்கு ஆகாத காரியம்.

"இன்னம் எத்தன நாளுடா அவெங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கிறது? மொதலாளி குடோன்ல ஏலக்காய்த் தோலு மூட்டை மூட்டையாக் கெடக்கு. மெத்துமெத்துன்னுதான இருக்கு? கொண்டா, அத அடைப்போம். சோலி வெரசா முடியும்."

தங்கபாண்டி கொஞ்சம் தோலைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். பஞ்சு மாதிரிதான் இருந்தது. சட்டங்களில் தோலை அடைத்துச் சாக்கு வைத்துத் தைத்து, மேலே துணி சுற்றிச் சுவர் முழுக்க மாட்டினார்கள். கை தட்டினால் சத்தம் கையிலேயே நின்றது. ராஜாராம் அன்று மாடிக்கும் கீழுக்கும் எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்பதற்குக் கணக்கில்லை. ஈஸ்வரியை அப்போதே தனியாக அழைத்துப் போய்ப் பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வைத்துவிட்டால், கேட்காவிட்டாலும் யாருக்கும் தெரியாமல் போகும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டார். ஈஸ்வரியின் தம்பி விஜயகுமார் மதுரையிலிருந்து மனைவியோடு வந்தார். தெருவிலிருந்து நானும் இன்னும் சிலரும். கதவைச் சாத்தி, ஏ.சி.யைப் போட்டு, படத்தைத் தொடங்கினார்கள். வசனம் ஒவ்வொன்றும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் வந்தது. அது ஈஸ்வரிக்கு விளங்குகிறதா என்று ராஜாராம் பார்ப்பதற்குள், முதல் பாட்டு முடியுமுன்பே விஜயகுமார் தும்மினார். பிறகு அவர் மனைவி தும்மினார். பிறகு இருவரும் மாறி மாறி.

"மச்சான், என்ன வாசம் இது? பாயாசக் குண்டாவுக்குள்ள எறக்கி மூடி போட்ட மாதிரி இருக்கு. கண்ணெல்லாம் எரியுது."

"வாசமா? என்ன வாசம் மாப்ளே?" என்றார் ராஜாராம்.

"என்ன வாசமா! ஏலக்காய் வாசம் மச்சான்!"

ராஜாராம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். தங்கபாண்டி சுவர்த் தட்டியில் மூக்கை வைத்துப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் உறிஞ்சினோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "புதுப் பெயிண்டு வாசம் லேசா வருது" என்றார் எதிர்வீட்டுக்காரர். பிறந்ததிலிருந்து ஏலக்காய்க்குள் கிடக்கும் ஊர் இது. நாங்கள் மூச்சு விடும் காற்றில் எது காற்று, எது காய் என்று பிரித்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மூக்கு இல்லை.

"ஒங்க ஊருக்கே மூக்கு அத்துப்போச்சா?" என்று கேட்டபடி விஜயகுமார் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். அவர் பின்னால் எல்லாரும் எழுந்தார்கள்; எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தச் சந்தடியில் ஈஸ்வரிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. யார் எதற்குத் தும்முகிறார்கள் என்று அவர் கேட்டதற்கு நாலு பேர் நாலு பக்கமிருந்து கத்தினார்கள். தம்பிக்குத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

தட்டிகளைக் கழற்ற மறுநாள் தங்கபாண்டி வந்தார். மழை வந்தால் தோல் நமத்துப் பூசணம் பிடிக்கும், பூச்சியும் வரும், இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ராஜாராம் மலைக்குப் போயிருந்தார். கழற்றிய தட்டியோடு கூடம் வழியாக வந்த தங்கபாண்டியிடம் ஈஸ்வரி, இன்னும் எதற்கு இந்த வீண்வேலை என்று கேட்டார். தங்கபாண்டி நல்ல மனசோடு, அவர் காதருகே வந்து உரக்கச் சொன்னார்:

"வீண்வேல இல்ல மதினி. அண்ணன் இத ஒங்க காதுக்காகத்தேன் செய்யிறாரு. வசனம் ஒங்களுக்கு வெளங்கணும்னுதேன் மொத நாளே சொன்னாரு."

சுவர் வழியாக எனக்கே அது கேட்டது. ஈஸ்வரியின் பதிலும் கேட்டது.

"ஓகோ. எங் காதப் பத்தி ஊரு பூராம் டமாரம் அடிச்சாச்சா?"

சாயங்காலம் ராஜாராம் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. ஈஸ்வரி சொன்னது ஒன்றுதான்: "செவிடிக்கு ஒரு அற கட்டியிருக்கீகளாம். அதுல நீங்களே குடியிருந்துக்கங்க. நான் அங்க காலெடுத்து வைக்க மாட்டேன்." அவர் என்னவோ கத்தினார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டால் பிறகு எந்தச் சொல்லும் போய்ச் சேராது. அது ஈஸ்வரிக்குக் கிடைத்திருந்த புதிய ஆயுதம்.

அடுத்து வந்த நாட்கள் எல்லாருக்கும் தொந்தரவானவை. மலையில் சாரல் பிடித்துக்கொண்டது. ராஜாராம் காய் பார்க்கப் போன இடத்தில் மனம் நிற்காமல், விலை சொல்ல வந்ததை மறந்து இறங்கி வந்தார். வெறும் சுவரோடு நின்ற அறைக்குள் போய்க் கை தட்டுவார். வெளியே வருவார். மறுபடி போய்த் தட்டுவார். அனுசியா போனில், "அப்பா, அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு அந்த ரூமப் பழையபடி மூட்டை அடுக்க விட்டுருங்களேன்" என்றாள். "ஒங்கம்மாகிட்ட மெதுவாக் கேக்க வழி இருந்தா நான் எதுக்கும்மா ரூம்பு கட்டுறேன்?" என்றார்.

கடைசியில் பஞ்சு வந்து சேர்ந்தது. தங்கபாண்டியும் அவரும் புதிதாகச் சட்டம் அடைத்து, மறுபடி அதே துணியைச் சுற்றி மாட்டினார்கள். கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் ஒட்டினார்கள். ஜன்னலுக்கு இரண்டு அடுக்குத் திரை. தங்கபாண்டி மறுநாள் வந்து ஸ்பீக்கர்களைச் சரிபார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரே ஒரு தட்டி பாக்கி. அதை விட்டுவைக்க மனமில்லாமல் ராஜாராம் ஸ்டூல் போட்டு ஏறினார்.

கீழே ஈஸ்வரி சோறு போட்டு வைத்துவிட்டு மேலே பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். கனத்த கதவு சாத்தியிருந்ததால் அந்தக் கூப்பாடு உள்ளே போகவில்லை. வீட்டில் முதல்முறையாகக் கேட்காமல் போனவர் ராஜாராம். நாலைந்து தடவை கூப்பிட்டும் ஆள் இறங்கி வரவில்லை என்றதும், ஸ்டூலிலிருந்து விழுந்துவிட்டாரோ என்று ஈஸ்வரிக்குப் பயம். காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொன்னதெல்லாம் மறந்து படியேறிப் போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே வந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ராஜாராம் சுவரைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"சோறு ஆறுது. எம்புட்டு நேரந்தேன் கூப்பிடுறது?"

ராஜாராம் திரும்பவில்லை. பழைய பழக்கம், வாய்க்குள்ளேயே முனகினார். "ஆறட்டும், ஆறட்டும். சூடா இருந்தா ரசத்துல உப்பு இல்லன்னு நாக்கு கண்டுபிடிச்சுரும்."

"உப்பு அளவாத்தேன் போட்டுருக்கு. மலைத்தண்ணி குடிச்சு மரத்துப்போன நாக்குக்கு என்ன தெரியும்?"

சொல்லிவிட்டுக் கதவை இழுக்கப் போன ஈஸ்வரியின் கை நின்றது. ராஜாராம் ஸ்டூலின் மேலேயே திரும்பினார். கையிலிருந்த ஸ்குரூ கம்பளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம்கூட இல்லை. தெருவில் அப்போது பஸ் போயிருக்கும், யாராவது ஹாரன் அடித்திருப்பார்கள். எதுவும் உள்ளே வரவில்லை.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் அவர், அதே தணிந்த குரலில்.

"எதுக்கு? திருப்பிச் சொல்லிக் காட்டணுமா? நான் என்ன எஸ்டேட்டுக் காயா, நசுக்கிப் பாத்துத் தரம் சொல்ல?"

இந்த இடத்தில் ஈஸ்வரி சிரித்ததாக ராஜாராம் சொல்கிறார். தான் சிரிக்கவில்லை, அவர்தான் ஸ்டூலில் நின்று பேந்தப் பேந்த விழித்தார் என்று ஈஸ்வரி சொல்கிறார். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

"இத நெசமாவே எனக்காகத்தேன் கட்டுனீகளா?"

"ஆமா."

"அப்ப எங்கிட்டல்ல மொதல்ல கேட்டிருக்கணும்? தங்கபாண்டிக்குத் தெரியுது, பெயிண்டருக்குத் தெரியுது. எனக்கு மட்டும் ஆசைன்னு ஒரு பொய்யி."

"எப்பிடிக் கேக்கச் சொல்ற? கத்தித்தான கேக்கணும்? ஒனக்குக் காது கேக்கணும்னு ஆசையா இருக்குன்னு நான் கத்துனா, நீ பதில் சொல்லு முன்னாடி தெருவே பதில் சொல்லும்."

ஈஸ்வரி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கறுப்பையும் பச்சையையும் அப்போதுதான் சரியாகப் பார்த்ததாகச் சொன்னார்.

"சரி. இப்பக் கேளுங்க" என்றார்.

ராஜாராம் இறங்கி வந்து அவருடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன கேட்டார் என்பதை இருவரும் எனக்குச் சொல்லவில்லை. வெகுநேரம் கேட்டிருக்கிறார், வெகுநேரம் பதிலும் கிடைத்திருக்கிறது. திரை அணைந்தே இருந்தது.

தங்கபாண்டி மறுநாள் வந்து ஸ்பீக்கர்களைச் சரிசெய்து கொடுத்தார். படமும் இப்போது பார்க்கிறார்கள், பெரும்பாலும் பாதிவரை. மற்ற இடங்களில் ஈஸ்வரியின் காது பழையபடிதான். கூடத்தில் ராஜாராம் ஏதாவது கத்தத் தொடங்கினால், ஈஸ்வரி காய் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "ஏங்க, இங்க வேணாம். மேல வாங்க, வந்து சொல்லுங்க" என்று படியேறுகிறார். ராஜாராமும் பின்னாலேயே ஓடுகிறார். சுவரின் இந்தப் பக்கம் எனக்குக் கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்கிறது.